பொட்டவாட்டமி மக்கள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஷிகாகோவுக்கு மேற்கே உள்ள புறநகரில் எங்கள் வீடு. ஊரிலிருந்து யார் வந்தாலும் அரோரா பாலாஜி கோயிலுக்குக் கூட்டிப்போவேன். அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், கல்லூரி என்று பல இடங்களில் 'வபான்சி' என்ற பெயர் கண்ணில் படும். "இதென்ன பேரு, இங்கிலீஷ் மாதிரி இல்லையே?" என்று கேட்பார்கள். அது ஒரு பொட்டவாட்டமி தலைவரின் பெயர், இந்த ஃபாக்ஸ் ஆற்றங்கரையில்தான் அவருடைய ஊர் இருந்தது என்று சொன்னதும் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். பல வருடங்களாகக் கிட்டத்தட்ட அதே கேள்விகள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

யாருங்க இவங்க? பேரே கேள்விப்பட்டதில்லையே.

வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி வாழ்ந்த பூர்வகுடி மக்களில் ஒரு கூட்டம். மிச்சிகன் ஏரியின் தென்பாதியை ஒரு லாடம் மாதிரி சுற்றி இவர்களுடைய ஊர்கள் இருந்தன. இன்றைய கணக்கில் சொன்னால் தெற்கு மிச்சிகன், வடக்கு இந்தியானா, வடக்கு இல்லினாய், கிழக்கு விஸ்கான்சின். தங்கள் மொழியில் தங்களைப் போடேவாட்மி என்பார்கள். நெருப்பைக் காப்பவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்.

அந்த நெருப்புக்குப் பின்னால் ஓர் உறவு இருக்கிறது. ஒஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டமி மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை, மொழிகளும் நெருங்கியவை. கிழக்கே அட்லாண்டிக் கடலோரத்திலிருந்து ஒன்றாகக் கிளம்பி வந்ததாக அவர்களுடைய வாய்மொழி வரலாறு சொல்கிறது. மூவரும் சேர்ந்தது 'மூன்று நெருப்புகள்' என்ற கூட்டணி. ஒஜிப்வே மூத்த அண்ணன், ஒடாவா நடுவில், பொட்டவாட்டமி கடைசித் தம்பி. அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது தம்பியின் பொறுப்பு.

செவ்விந்தியர்னு சொன்னா தப்பா?

நம் பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, அதனால் கேட்பவர்களை நான் குறை சொல்வதில்லை. ஆனால் அது தோல் நிறத்தையும் கொலம்பஸின் குழப்பத்தையும் சேர்த்து ஒட்டிய பெயர். 'பூர்வகுடிகள்' என்றால் போதும். அதைவிட நல்லது, எந்த மக்களோ அந்தப் பெயரையே சொல்வது. பொட்டவாட்டமி வேறு, செரோக்கி வேறு, மொழியும் வேறு, வரலாறும் வேறு.

அப்போ ஷிகாகோ அவங்க ஊரா?

1833 வரை ஷிகாகோ நிலத்தில் இவர்களுடைய ஊர்கள் இருந்தன. 'ஷிகாகோ' என்ற சொல் மட்டும் இவர்களுடையது இல்லை, அது மயாமி-இல்லினாய் மொழியில் அங்கே காடாக வளர்ந்த ஒரு வெங்காய வகையின் பெயர். நகரத்தை நிறுவியவர் என்று கொண்டாடப்படும் கறுப்பின வணிகர் ழான் பாப்டிஸ்ட் பாயிண்ட் டு சாபிளின் மனைவி கிட்டிஹாவா ஒரு பொட்டவாட்டமி பெண். அந்த உறவுகள் இல்லாமல் அவர் அங்கே கடை வைத்து வியாபாரம் செய்திருக்கவே முடியாது, ஆனால் அந்த அம்மாவின் பெயரைப் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நாடோடிங்கதானே? நிலம் சொந்தம்னு எப்படிச் சொல்ல முடியும்?

நாடோடிகள் இல்லை. கோடையில் ஆற்றங்கரையில் நிலையான ஊர்கள். பெண்கள் சோளம், பீன்ஸ், பூசணி பயிரிட்டார்கள். குளிர்காலத்தில் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து வேட்டைக்குப் போவார்கள், பனி உருகும்போது மேப்பிள் மரத்தில் பால் இறக்கிச் சர்க்கரை காய்ச்சுவார்கள், இலையுதிர்காலம் நெருங்கும்போது ஏரிகளில் படகில் போய்க் காட்டரிசி அறுப்பார்கள். பருவத்துக்கு ஓர் இடம், அடுத்த வருடம் அதே பருவத்தில் திரும்ப அதே இடம். வேலியும் பட்டாவும் இல்லை என்பதற்காக உரிமை இல்லை என்று ஆகாது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த நிலம் முழுக்க ஆதிகாலம் தொட்டு இவர்களிடம்தான் இருந்தது என்று சொன்னால் தவறு. 17ஆம் நூற்றாண்டில் பீவர் என்ற விலங்கின் தோல் வியாபாரத்துக்காக நடந்த போர்களில் இரோகுவா மக்களின் தாக்குதலுக்குப் பயந்து மிச்சிகனை விட்டு விஸ்கான்சினின் கிரீன் பே பக்கம் ஒதுங்கினார்கள். நிலைமை மாறியதும் தெற்கே இறங்கினார்கள், அங்கே முன்பு மயாமி, இல்லினாய் மக்கள் இருந்தார்கள், சண்டைகளும் நடந்தன. சில நண்பர்கள் இதைப் பிடித்துக்கொண்டு "அப்போ எல்லாரும் ஒண்ணுதானே" என்பார்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு மக்கள் கூட்டத்தையே நாட்டின் சட்டம் போட்டு, பட்டாளம் வைத்து, தேதி குறித்து வெளியேற்றியது வேறு வகைச் செயல்.

போர்ல தோத்ததாலதான் நிலம் போச்சா?

முழுக்க அப்படி இல்லை. இவர்கள் நீண்டகாலம் பிரெஞ்சுக்காரர்களின் நண்பர்கள். பிரிட்டன் வந்ததும் 1763இல் ஒடாவா தலைவர் பாண்டியாக் நடத்திய எழுச்சியில் சேர்ந்தார்கள். அப்புறம் அமெரிக்கா என்ற புது நாடு. 1794இல் ஃபாலன் டிம்பர்ஸ் என்ற இடத்தில் அமெரிக்கப் படையிடம் தோல்வி, அடுத்த வருடம் நிலத்தை விட்டுக்கொடுத்த கிரீன்வில் ஒப்பந்தம். 1812 ஆகஸ்ட் 15 அன்று ஷிகாகோவின் டியர்பார்ன் கோட்டையைக் காலி செய்து வெளியேறிய படையைப் பொட்டவாட்டமி வீரர்கள் தாக்கி வென்றார்கள், உடன் போன பெண்களும் குழந்தைகளும்கூட அதில் இறந்தார்கள். நெடுங்காலம் 'படுகொலை' என்றே சொல்லிவந்த அந்த நிகழ்வின் நினைவாக 2009இல் ஷிகாகோவில் ஒரு பூங்காவுக்குப் பெயர் வைத்தபோது 'போர்' என்றே வைத்தார்கள்.

ஆனால் 1812இல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தொடங்கிய போர் முடிந்ததும் பேரேரிப் பகுதியில் பிரிட்டனின் துணை போய்விட்டது. அதன் பிறகு நிலம் போனது பெரும்பாலும் காகிதத்தில்.

அவங்களே கையெழுத்துப் போட்டு வித்துட்டாங்களே, அப்புறம் என்ன புகார்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அமெரிக்க அரசுடன் இவர்கள் செய்த ஒப்பந்தங்கள் நாற்பதுக்கும் மேல். முதலில், பொட்டவாட்டமிக்கு ராஜா கிடையாது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தலைவர், அவரும் ஆலோசித்துத்தான் முடிவெடுப்பார். ஓர் ஊர்த் தலைவர் இன்னோர் ஊரின் நிலத்தைக் கொடுக்க முடியாது. அரசு ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும், இருந்தும் யார் கையெழுத்துப் போடத் தயாரோ அவரைத் தலைவர் என்று எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாவது கடன். வியாபாரிகள் துணி, துப்பாக்கி, சாராயம் எல்லாவற்றையும் கடனுக்குக் கொடுத்து கணக்கு எழுதிவைப்பார்கள். ஒப்பந்தம் நடக்கும் இடத்துக்கு அதே வியாபாரிகள் கணக்கோடு வந்து நிற்பார்கள், நிலத்துக்குக் கிடைக்கும் பணத்தில் முதல் பங்கு அவர்களுக்கு. 1833 செப்டம்பரில் ஷிகாகோவில் எழுதிய ஒப்பந்தத்தைப் பாருங்கள்: சுமார் 50 லட்சம் ஏக்கர் கை மாறியது, அதில் கடன் கொடுத்தவர்களின் கோரிக்கைகளுக்கு என்றே 1,50,000 டாலர் ஒதுக்கப்பட்டது. பேச்சுவார்த்தை நடந்த நாட்களில் அங்கே சாராயம் ஆறாக ஓடியதை நேரில் பார்த்த வெள்ளையர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, வேறு வழி இருந்ததா? 1830 மே 28 அன்று ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையெழுத்திட்டார். சட்டத்தில் 'பரிமாற்றம்' என்றுதான் இருக்கும். ஆனால் நியூயார்க் பக்கத்திலிருந்து பேரேரிகளுக்குப் படகு வழி தந்த எரி கால்வாய் 1825இல் திறந்த பிறகு குடியேறிகள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள், வேட்டை குறைந்துவிட்டது, இன்று விற்காவிட்டால் நாளை சும்மா போகும் என்று தலைவர்களிடம் சொல்லப்பட்டது. இப்படி வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கையெழுத்தே போட மாட்டேன்னு யாரும் சொல்லலையா?

சொன்னார். அவர் பெயர் மினாமினி. இந்தியானாவில் பிளிமத் ஊருக்குப் பக்கத்தில், இரட்டை ஏரி என்ற இடத்தில் அவருடைய ஊர். கத்தோலிக்கராகி, குடியை விட்டு, தன் மக்களையும் விடவைத்தவர். 1832 ஒப்பந்தத்தில் அவருக்கும் வேறு மூன்று தலைவர்களுக்கும் சேர்த்து 22 சதுர மைல், அதாவது 14,080 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 1836 ஆகஸ்ட் 5 அன்று, மற்ற தலைவர்களிடம் கையெழுத்து வாங்கி, ஏக்கருக்கு ஒரு டாலர் என்று 14,080 டாலருக்கு அந்த நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. இரண்டு வருடத்தில் காலி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

மினாமினி கையெழுத்துப் போடவில்லை. ஜனாதிபதிக்கு உண்மை தெரியாது, தெரிந்தால் என்னைத் துரத்த மாட்டார் என்று நம்பினார். மனு எழுதினார், ஆள் அனுப்பினார். கெடு நாள் 1838 ஆகஸ்ட் 5 வந்தது. அவர் நகரவில்லை.

அப்புறம் என்ன ஆச்சு?

இந்தியானா ஆளுநர் டேவிட் வாலஸ், ஜான் டிப்டன் என்பவரிடம் தொண்டர் படை திரட்டும் பொறுப்பைக் கொடுத்தார். டிப்டன் அப்போது அமெரிக்க செனட்டர். ஆகஸ்ட் 30 அன்று பேசலாம் என்று சொல்லி மக்களை மினாமினியின் ஊரில் இருந்த தேவாலயத்துக்கு வரவழைத்தார்கள், வந்ததும் ஆயுதம் ஏந்திய ஆட்கள் சுற்றி வளைத்தார்கள். அடுத்த சில நாட்கள் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் ஆட்களைப் பிடித்துவந்தார்கள். திரும்பி வர நினைக்கக் கூடாது என்பதற்காகப் பயிர்களை எரித்துக் குடிசைகளை அழித்தார்கள்.

செப்டம்பர் 4 அன்று பயணம் தொடங்கியது. பட்டியலில் 859 பேர். மினாமினியும் வேறு இரண்டு தலைவர்களும் காவலோடு அடைப்பு வண்டியில். அந்த வருடம் கடும் வறட்சி, ஓடைகள் வற்றிக் கிடந்தன, கிடைத்த தண்ணீர் கெட்டுப்போயிருந்தது, முதல் சில நாட்களிலேயே காய்ச்சல் பரவியது. லோகன்ஸ்போர்ட், லஃபாயெட் வழியாக இல்லினாய்க்குள் டான்வில், ஸ்பிரிங்ஃபீல்ட், பிறகு குவின்சியில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து மிசௌரியின் குறுக்கே நடை. நோயாளிகள் சாமான் வண்டிகளில், கித்தான் கூரைக்கு அடியில் புழுதியிலும் வெக்கையிலும் குலுங்கிக்கொண்டு போனார்கள். கிட்டத்தட்ட ஒவ்வொரு முகாமிலும் யாரையாவது புதைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

நவம்பர் 4 அன்று கன்சாஸில் ஒசவாட்டமி போய்ச் சேர்ந்தார்கள். 61 நாள், 660 மைல். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் வழியில் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். சிலர் வழியிலேயே தப்பிப் போனார்கள். குளிர்காலம் தொடங்கிவிட்டது, கட்டித் தருவதாகச் சொன்ன வீடு ஒன்றுகூட அங்கே இல்லை. மினாமினி 1841இல் கன்சாஸிலேயே இறந்தார். இந்த நடைக்குத்தான் 'மரணப் பாதை' என்று பெயர்.

இவ்வளவு விவரம் எப்படித் தெரியும்? யார் எழுதிவச்சாங்க?

மூன்று வழிகள். கூட்டிப்போனவர்களே தினமும் குறிப்பு எழுதினார்கள். இன்று இத்தனை மைல், இத்தனை நோயாளிகள், ஒரு குழந்தை இறந்தது என்று ஒன்றிரண்டு வரிகள். அந்த வரிகளைத் தொடர்ந்து நான்கைந்து பக்கம் படித்தால் எனக்கு அதற்கு மேல் முடிவதில்லை.

இரண்டாவது, பெஞ்சமின் பெட்டி என்ற இளம் பிரெஞ்சுப் பாதிரியார். முன்பு வழக்கறிஞர், இவர்களுக்காக மனு எழுதிக் கொடுத்தவர். டான்வில் பக்கத்தில் ஊர்வலத்தோடு சேர்ந்துகொண்டு கடைசிவரை போனார், வழியில் கடிதங்கள் எழுதினார். அவருக்கும் காய்ச்சல். திரும்பும் வழியில் செயின்ட் லூயிஸில் 1839 பிப்ரவரியில் இறந்தபோது வயது 27. மூன்றாவது, ஜார்ஜ் வின்டர் என்ற ஆங்கில ஓவியர். அந்த மக்களின் முகங்களையும் உடைகளையும் நேரில் பார்த்து வரைந்திருக்கிறார்.

இது செரோக்கி மக்களோட 'கண்ணீர்ப் பாதை'தானே?

இல்லை. அதே சட்டம், அதே 1838, ஆனால் வேறு மக்கள். செரோக்கிகள் தெற்கே ஜார்ஜியா பக்கத்திலிருந்து துரத்தப்பட்டார்கள், அதில் இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்பது பரவலான கணக்கு. எண்ணிக்கை பெரிது என்பதால் அது உலகத்துக்குத் தெரிந்தது. பொட்டவாட்டமியிலும் 1838 நடை ஒன்று மட்டும் நடக்கவில்லை, 1830களிலும் 1840களின் தொடக்கத்திலும் வெவ்வேறு கூட்டங்களாக அனுப்பப்பட்டார்கள்.

நான் முதலில் சொன்ன வபான்சி போனது அப்படி இன்னொரு வழியில். இல்லினாய்க் கூட்டத்துக்கு 1833இல் வாக்களித்த நிலத்தில் ஒரு பகுதி இன்றைய வடமேற்கு மிசௌரியில் இருந்தது, மிசௌரிக்காரர்கள் அது தங்களுக்கு வேண்டும் என்றதும் அயோவாவின் கவுன்சில் பிளஃப்ஸ் பக்கம் தள்ளினார்கள். தென்மேற்கு அயோவாவிலும் வபான்சி பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது.

எல்லாரையும் அனுப்பிட்டாங்களா? யாருமே தங்கலையா?

தங்கினார்கள், அதுவும் பல வழிகளில். லியோபோல்ட் பொக்கேகன் என்ற தலைவர் 1833 பேச்சுவார்த்தையிலேயே தன் மக்கள் மிச்சிகனில் இருக்கலாம் என்று எழுதி வாங்கினார். அதோடு விடாமல், கிடைத்த பணத்தில் டவாஜியாக் பக்கத்தில் நிலத்தை அரசிடமிருந்தே விலைக்கு வாங்கினார். 1840இல் ராணுவம் மறுபடி ஆள் பிடிக்க வந்தபோது, மிச்சிகன் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரிடம் போய்த் தங்களை அகற்ற முடியாது என்று எழுத்தில் வாங்கினார். காகிதத்தால் வந்த ஆபத்தைக் காகிதத்தாலேயே நிறுத்திய மனிதர். எனக்கு இவரை மிகவும் பிடிக்கும்.

வேறு பலர் வடக்கு விஸ்கான்சின், வடக்கு மிச்சிகன் காடுகளுக்குள் போய்விட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டிக் கனடா போனார்கள், வால்போல் தீவு போன்ற இடங்களில் அவர்களுடைய வாரிசுகள் இன்றும் இருக்கிறார்கள்.

கன்சாஸ் போனவங்களை அதுக்கப்புறமாவது நிம்மதியா விட்டாங்களா?

இல்லை. மரணப் பாதையில் வந்தவர்கள் சுகர் கிரீக் என்ற இடத்தில் பத்து வருடம் இருந்தார்கள். 600க்கும் மேற்பட்டவர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1846 ஒப்பந்தப்படி அவர்களையும் அயோவாக் கூட்டத்தையும் டொபீகா பக்கத்தில் 30 மைலுக்கு 30 மைல் சதுரமான ஒரே நிலத்தில் வைத்தார்கள். 1861இல் அதையும் உடைத்தார்கள். ஒரு பிரிவு தனித்தனிப் பட்டாவும் குடியுரிமையும் எடுத்துக்கொண்டது, இவர்கள் சிட்டிசன் பொட்டவாட்டமி. இன்னொரு பிரிவு பொது நிலமாகவே வேண்டும் என்று 11 மைலுக்கு 11 மைல் சதுரத்தோடு நின்றது, அவர்கள் ப்ரெய்ரி பேண்ட். மிச்சம் என்று கணக்கிட்ட நிலம் ரயில் கம்பெனிக்குப் போனது.

பட்டா வாங்கியவர்கள் வரி கட்ட முடியாமலும் ஏமாற்றப்பட்டும் சில வருடங்களிலேயே நிலத்தை இழந்தார்கள். 1867 ஒப்பந்தத்தின்படி இன்றைய ஓக்லஹோமாவில் நிலம் வாங்கிப் போனார்கள், அங்கேயும் 1891இல் 'உபரி' என்று சொல்லி வெளியாருக்குத் திறந்துவிட்டார்கள். ப்ரெய்ரி பேண்டுக்கும் அமைதி இல்லை. 1953இல் அமெரிக்க காங்கிரஸ் இவர்களுடைய பழங்குடி அந்தஸ்தையே முடித்துவைக்கும் பட்டியலில் பெயரைச் சேர்த்தது. மின்னி எவன்ஸ் என்ற பெண் தலைவர் வாஷிங்டன் வரை போய் எதிர்த்துச் சாட்சி சொன்னார், அந்தஸ்து பிழைத்தது.

இப்போ இருக்காங்களா, இல்லை அழிஞ்சுட்டாங்களா?

இருக்கிறார்கள். அமெரிக்க அரசு அங்கீகரித்த பொட்டவாட்டமி அரசாங்கங்கள் ஏழு. கன்சாஸில் ஒன்று, ஓக்லஹோமாவில் ஒன்று, விஸ்கான்சினில் ஒன்று, மிச்சிகனில் நான்கு. ஓக்லஹோமாவின் சிட்டிசன் பொட்டவாட்டமிதான் உறுப்பினர் எண்ணிக்கையில் பெரியது. பொக்கேகன் கூட்டம் சொந்த இடத்திலேயே இருந்தும் 1994 வரை அங்கீகாரம் இல்லாமல் காத்திருந்தது. எல்லாப் பிரிவினரும் வருடத்துக்கு ஒரு முறை ஏதாவது ஓர் ஊரில் ஒன்றுகூடுகிறார்கள்.

மொழி பற்றிக் கேட்டால் பதில் கவலை தருவது. விடுதிப் பள்ளிகளில் குழந்தைகளைத் தாய்மொழி பேசவிடவில்லை, அதனால் பிறந்ததிலிருந்து பேசிய பெரியவர்கள் மிகச் சிலரே மிஞ்சினார்கள். இப்போது வகுப்புகள் நடத்துகிறார்கள், குழந்தைகள் 'போஷோ' என்று வணக்கமும் 'மிக்வேச்' என்று நன்றியும் சொல்கிறார்கள்.

கேசினோ வச்சுப் பணக்காரங்களா ஆயிட்டாங்களாமே?

சில பிரிவுகளுக்கு கேசினோ இருக்கிறது, மில்வாக்கியில் உள்ளது பெரியது. வருமானம் தனிநபர் சொத்து இல்லை, பழங்குடி அரசாங்கத்துடையது. மருத்துவமனை, பள்ளி, முதியோர் வீடு, மொழி வகுப்பு எல்லாம் அதிலிருந்து நடக்கின்றன, பழைய நிலத்தைத் திரும்ப விலைக்கு வாங்குவதும்தான்.

நிலத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலையா?

போட்டார்கள். பொக்கேகன் கூட்டத்தினர் ஷிகாகோ ஏரிக்கரையைக் கேட்டார்கள். அவர்களுடைய வாதம் நல்ல வாதம்: 1833இல் கொடுத்தது அன்றைய கரை வரையிலான நிலம், அதன் பிறகு ஏரியை மண் கொட்டி நிரப்பி உண்டாக்கிய நிலத்தை யாரும் கொடுக்கவில்லை. 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உங்களுக்கு அங்கே இருந்தது குடியிருக்கும் உரிமை மட்டும், அதை எப்போதோ கைவிட்டுப் போய்விட்டீர்கள் என்றது தீர்ப்பு. 'கைவிட்டுப் போனார்கள்' என்ற அந்தச் சொல்லை, மேலே மினாமினி பற்றிய பதில்களோடு வைத்துப் பாருங்கள்.

ஒரு ஏக்கராவது திரும்பக் கிடைச்சுதா?

கிடைத்தது, அதுவும் அரோராவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள். ஷபானா என்ற பொட்டவாட்டமி தலைவர், 1832இல் பிளாக் ஹாக் என்ற சாக் மக்கள் தலைவருக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த போரின்போது குதிரையில் ஊர் ஊராகப் போய்க் குடியேறிகளை எச்சரித்துப் பலர் உயிரைக் காப்பாற்றியவர். 1829 ஒப்பந்தத்தில் அவருக்கு 1,280 ஏக்கர் ஒதுக்கியிருந்தார்கள். அவர் மேற்கே சொந்தக்காரர்களிடம் போயிருந்த சமயத்தில், நிலத்தைக் கைவிட்டார் என்று சொல்லி 1849இல் அரசு ஏலம் விட்டுவிட்டது. திரும்பி வந்தவருக்கு உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து ஒரு துண்டு நிலம் வாங்கிக் கொடுத்தார்கள்.

ப்ரெய்ரி பேண்ட் அந்த உரிமையை விடவில்லை. அதே இடத்தில் நிலத்தை விலைக்கு வாங்கினார்கள், 2024 ஏப்ரலில் சுமார் 130 ஏக்கரை மத்திய அரசு அவர்களுடைய பழங்குடி நிலமாக ஏற்றது. இல்லினாய் மாநிலத்தில் இன்று அப்படி அங்கீகாரம் பெற்ற நிலம் அது ஒன்றுதான். 2025 மார்ச்சில், பக்கத்திலுள்ள ஷபானா ஏரிப் பூங்காவையும், சுமார் 1,500 ஏக்கர், அவர்களுக்கு மாற்றித்தர மாநில ஆளுநர் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

நேர்ல போய்ப் பார்க்க ஏதாவது இருக்கா?

ஷபானா ஏரிக்குப் போகலாம், மீன் பிடிக்கவும் முகாம் போடவும் எப்போதும் கூட்டம் இருக்கும். இரட்டை ஏரியில் 1909இல் வைத்த மினாமினி சிலை நிற்கிறது, ஷிகாகோவிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து கன்சாஸ் வரை, அவர்கள் முகாமிட்ட இடங்களில் கல்வெட்டுகள் நட்டிருக்கிறார்கள், நான்கு மாநிலங்களில் எண்பது வரை. 1988இலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, செப்டம்பரில், நடந்தவர்களின் வாரிசுகளும் மற்றவர்களும் அதே பாதையில் காரில் போய் ஒவ்வொரு கல்லிடமும் நின்று பெயர்களை வாசிக்கிறார்கள். நாங்கள் போனது சிலை வரைக்கும்தான். சோளக் காட்டுக்கு நடுவில், சுற்றிலும் யாரும் இல்லை, என் மகள் காரிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து பீடத்தின் அடியில் கொஞ்சம் ஊற்றினாள்.